ஹார்லெம் தந்த வழித்துணை

இலவசமாக வழங்கப்படும் வைத்தியம் எல்லார்க்கும் எட்டும் வைத்தியமாகுமா? மேலோட்டமாக நோக்குவார்க்கு இஃது ஒரு வீண்வினாவாகத் தோன்றலாம். விலையின்றித் தரும் பொருளை வேண்டாமென்று விடுவார் யார் என்று அவர் எம்மைத் திருப்பிக் கேட்கவுங்கூடும். நாமும் மூன்றாண்டுகளுக்கு முன்வரை அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவர் பேராசிரியர் ஒருவரல்லர். எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும் அறிந்த எமது பெரியம்மாவே.

பெரியம்மாவுக்கு வெற்றிலைத் தட்டம் இளமைதொட்டு உற்ற தோழி. அறுபதை அணுகிய காலத்தில் அவருடைய இடக் கன்னத்தின் உட்புறத்தே ஒரு புண் தோன்றி, ஆறாது நின்றது. கிராமத்து வைத்தியசாலையினர் மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பினர். அங்கே சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதித்துப் புற்றுநோயென்று முடிவுகண்டு, ஒரு கடிதத்தைக் கையிற் கொடுத்துத் தொலைவிலுள்ள வேறொரு வைத்தியசாலைக்கு அனுப்பினர். இரவு முழுதும் பஸ்ஸிலே பயணம். துணைக்குச் சென்ற அண்ணருக்கு இரண்டு நாட் கூலி நட்டம். அங்கே வாயைத் திறந்து பார்த்த வைத்தியர், சொத்தைப் பற்களை முதலிற் பிடுங்கி அந்தப் புண் ஆறிய பின்னரே கதிர்ச் சிகிச்சை தொடங்கலாமென்று கூறி, மறுதவணை குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் கூறியது முற்றிலுஞ் சரியே. ஆனால் அஃது ஏன் என்பதை எவரும் விளக்கவில்லை. பல்லை ஊரிலேயே பிடுங்கிக்கொண்டு போகலாமென்று முன்னரே சொல்லுவாரும் இருக்கவில்லை. பெரியம்மா விளங்கிக்கொண்டது வேறு. "புண்ணுக்கு மருந்து கேட்டுப் போனவளைப் பல்லுப் பிடுங்கச் சொல்லி அனுப்புகினம் எண்டால், இனி மருந்தில்லை எண்டதை நயமாச் சொல்லுகினம்" என்று முடிவுகட்டி, வீட்டிலே இருந்துவிட்டார். கடிதம் சாமிப்படத்தின் பின்னே செருகப்பட்டுக் கிடந்தது. அதனை நாம் காணுதற்குப் பல்கலைக்கழக விடுமுறை வரவேண்டியிருந்தது. அதற்கிடையிற் பத்து வாரங்கள் கழிந்துவிட்டன.

பின்னர் நடந்ததைப் பின்னே சொல்லுவோம். பல்லின் காரணத்தை முதலிற் சொல்லிவிடுவது நன்று. கதிர் பட்ட தாடையெலும்பிலே இரத்தவோட்டம் குன்றுகின்றது; உமிழ்நீர் வற்றுகின்றது; அதனாற் பல் விரைவிற் சொத்தையாகின்றது. கதிர்ச் சிகிச்சை முடிந்தபின் அப்பல்லைப் பிடுங்க நேரின், பிடுங்கிய குழி ஆறாது, எலும்பே மடிந்து போதலும் உண்டு. பிரான்சு தேசத்துக் கதிரியல் அறிஞர் றெகோ என்பார் 1920களிலேயே இதனை எடுத்துரைத்தார். ஆகவே, கெட்ட பல்லை முன்னரே களைந்து, இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டுக் கதிர் செலுத்துவது வழக்கமாயிற்று. அறிவோ நூறாண்டு பழையது. பல் வைத்தியரோ பெரியம்மாவின் வீட்டிலிருந்து நாலு மைல் தூரத்தில், அரசாங்கச் சம்பளத்தில், காசு வாங்காது பல் பிடுங்கிக்கொண்டு இருந்தார். இரண்டையும் இணைப்பதற்கு இடையிலே ஓர் ஆள் இல்லை. குறை இதுவே.

இக்குறை எமது நாட்டுக்கே உரியதன்று. உலகின் பெருஞ்செல்வ நகரங்களுள் ஒன்றாகிய நியூ யோர்க்கிலே இதே குறை பல்லாயிரவரை வருத்தியிருக்கின்றது. அதற்கு மாற்றுக் கண்டவரும் அங்கேயே தோன்றினார். அவ்வரலாற்றைப் பல்கலைக்கழக நூலகத்திலே தேடிப் படித்தபோது, எமது பெரியம்மாவின் கதையையே யாரோ வேற்று மொழியில் எழுதிவைத்ததுபோல் எமக்குப் பட்டது.

மன்ஹற்றன் தீவின் வடபாகத்தில் ஹார்லெம் என்றொரு பகுதி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தென்மாநிலங்களின் கொடுமைக்கு ஆற்றாது வடக்கு நோக்கிப் பெயர்ந்த கறுப்பின மக்கள் அங்கே திரளாகக் குடியேறினர். 1920களில் அப்பகுதி கவிதைக்கும் இசைக்கும் பேர்பெற்று விளங்கியது. பின்னர் வேலையின்மையும் வறுமையும் அதனைக் கௌவிக்கொண்டன. அங்கேயுள்ள பொது வைத்தியசாலைக்கு 1967ஆம் ஆண்டில் ஓர் இளஞ் சத்திரசிகிச்சை வைத்தியர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஹரோல்ட் பிறீமன். 1933இல் வாஷிங்டனிற் பிறந்தவர். பதின்மூன்று வயதிலே தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்று, நியூ யோர்க்கின் புகழ்பெற்ற மெமோறியல் வைத்தியசாலையிலே புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையிற் சிறப்புப் பயிற்சி பெற்றவர். 'சுதந்திர மனிதன்' என்று பொருள்படும் அவரது குலப்பெயர் சும்மா வந்ததன்று. அடிமையாயிருந்த அவர் முன்னோர் ஒருவர் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கி, அதன்பின் சூடிக்கொண்ட பெயர் அது.

கையிலே கத்தியும் நெஞ்சிலே கல்வியும் கொண்டு ஹார்லெத்திலிருந்து புற்றுநோயை வெட்டி எறிந்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் பிறீமன் சென்றார். சென்ற சின்னாட்களிலேயே கத்தி அங்கே உதவாது என்று கண்டார். மார்பிலே கட்டி பெரிதாகிப் புண்ணாய் வெடித்த பின்னரே பெண்கள் வந்தனர். வெட்டுதற்கு வேண்டிய காலம் கடந்திருந்தது. அவர் வைத்தியசாலையில் 1964 முதல் 1986 வரை மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 606 பேரின் கணக்கைப் பின்னர் அவர் எடுத்துப் பார்த்தார். நோயின் முதற் படியிலே வந்தோர் நூற்றுக்கு 6 பேர் மட்டுமே. செம்பாதியினர் மூன்றாம் நான்காம் படிகளில் வந்திருந்தனர். ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 39 பேர். 1990இல் அவரும் மக்கோட் என்னும் வைத்தியரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அமெரிக்கரைத் திடுக்கிடச் செய்தது. ஹார்லெத்து ஆண்மகன் அறுபத்தைந்து வயதை எட்டும் வாய்ப்பு, பங்களாதேசத்து ஆண்மகனுக்கு உள்ள வாய்ப்பிலுங் குறைவு என்று அதில் அவர்கள் காட்டினர்.

பிறீமன் முதலிற் செய்தது எவரும் எண்ணக்கூடிய காரியமே. 1979இல் ஹார்லெத்துப் பெண்களுக்குக் காசின்றி மார்பைப் பரிசோதிக்கும் கிளினிக்குகளைத் திறந்தார். பெண்கள் வந்தனர்; கட்டிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. நிற்க. கண்டுபிடித்த பின்னர் என்ன நடந்தது? "அடுத்த கிழமை சதைத்துண்டு எடுத்துச் சோதிக்க வா" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களிற் பலர் அடுத்த கிழமை வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. இலவசக் கிளினிக்கின் கதவுக்கும் சிகிச்சைக் கட்டிலுக்கும் இடையே ஒரு பள்ளம் கிடந்தது. அதிலே நோயாளர் விழுந்து மறைந்துகொண்டிருந்தனர். பெரியம்மாவின் கடிதம் சாமிப்படத்தின் பின்னாற் கிடந்த அந்தப் பத்து வாரம் இப் பள்ளமன்றி வேறென்ன?

அப் பள்ளத்தில் என்ன கிடக்கின்றது என்பதை அறியும் வாய்ப்பு அவருக்கு 1989இல் வந்தது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் தேசியத் தலைவராக அவர் இருந்த காலம் அது. சங்கம் ஏழு நகரங்களிலே சபை கூட்டி, புற்றுநோய் கண்ட ஏழை மக்களையே சாட்சிகளாக அழைத்தது. வைத்தியர் பேசவும் நோயாளர் கேட்கவும் பழகிய உலகிலே, இங்கே நோயாளர் பேச வைத்தியர் கேட்டனர். எமது சிறு மதிப்பில், இவ்வரலாற்றின் உயர்ந்த கட்டம் இதுவே. கத்தி, கதிர், மருந்து என்னும் மூன்றையும்விட இந்தக் கேட்டலையே நாம் பெரிதாக எண்ணுகின்றோம். அச்சாட்சியங்களிலிருந்து வெளிவந்த அறிக்கை, வைத்திய நூல் எதிலுங் காணாத செய்திகளைச் சொல்லிற்று. பணம் கட்ட இயலாதென்று தெரிந்தால் ஏழைகள் வைத்தியரை நாடுவதே இல்லை. நாடுவோரும் உணவையும் வாடகையையும் தம் மானத்தையும் விலையாகக் கொடுத்தே சிகிச்சை பெறுகின்றனர். நோவையும் துன்பத்தையும் அவர்கள் பிறரினும் மிகுதியாக அனுபவிக்கின்றனர். சுகாதாரப் பிரசாரங்களோ அவர்களது வாழ்வுக்குப் பொருந்தாத மொழியில் நடைபெறுகின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, புற்றுநோயென்றால் சாவுதான் என்னும் விதிநம்பிக்கை அவர்களைக் கட்டிப் போட்டிருக்கின்றது.

மறு ஆண்டு, 1990இல், ஹார்லெத்திலே பிறீமன் ஒரு புதிய பதவியைத் தோற்றுவித்தார். கப்பலை வழிநடத்தும் மாலுமியின் பெயரையே அதற்கு இட்டார். நாம் அதனை வழித்துணைவர் என்று சொல்லிக்கொள்வோம். இவர் வைத்தியருமல்லர், தாதியுமல்லர். ஹார்லெத்து மக்களின் பேச்சையும் அச்சத்தையும் உள்ளிருந்து அறிந்த சாதாரண மனிதர். பரிசோதனையிற் பிழை கண்ட பெண் வைத்தியரின் அறையைவிட்டு வெளியே வரும்போது, அவள் தெருவில் இறங்குமுன்னரே, வழித்துணைவர் அவளோடு அமர்ந்து பேசுவார். உனக்கு இனி வரவிருப்பது இன்னது. அதற்கு முன் நீ செய்யவேண்டியது இன்னது. அதற்குத் தடை என்ன? பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லையா? பார்ப்பதற்கு ஒழுங்கு செய்வோம். காப்புறுதிப் பத்திரம் நிரப்பத் தெரியாதா? நிரப்பித் தருவோம். வேலைத்தலத்தில் விடுமுறை தரமாட்டார்களா? பஸ் காசு இல்லையா? வைத்தியர் சொன்னது விளங்கவில்லையா? வா, திரும்பப் போய்க் கேட்போம். இவ்வளவுதான் அவருடைய வைத்தியம். சிகிச்சைக்கு நோயாளியை ஆயத்தப்படுத்துவது என்பது இங்கே ஊசியும் மருந்தும் அல்ல. ஒரு நாற்காலியும் ஒரு தொலைபேசியும் பொறுமையும்.

இவ்விடத்து ஒரு சொல். மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணிய வள்ளுவர், நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு நிறுத்தாமல், அருகிலிருந்து துணைசெய்வானையும் நான்காவதாக வைத்தார். பிற்காலத்து வைத்தியசாலைகள் முன்னைய மூன்றுக்கும் மாடி கட்டி, நான்காவதனை வாசலிலே நிறுத்திவிட்டன போலும்!

வழித்துணையால் வந்த பயன் என்ன? 1995இல் வெளிவந்த கணக்கின்படி, சந்தேகத்துக்குரிய கட்டி கண்டவர்களுள் வழித்துணை பெற்றோரில் நூற்றுக்கு 85க்கு மேற்பட்டோர் சதைத்துண்டுச் சோதனையை முடித்தனர். துணையில்லாதோரில் முடித்தோர் நூற்றுக்கு 57க்கும் குறைவே. 1995 முதல் 2000 வரை அதே வைத்தியசாலையில் மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 325 பேரின் கணக்கும் பின்னர் எடுக்கப்பட்டது. முற்றிய படியிலே வந்தோர் நூற்றுக்கு 21 ஆகக் குறைந்திருந்தனர். ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் 39இலிருந்து 70 ஆக உயர்ந்திருந்தனர். இவ்வுயர்வு முழுவதையும் வழித்துணைக்கே உரியதென்று சொல்லுவது நேர்மையாகாது. இலவசப் பரிசோதனையும் மேலான மருந்தும் அதிலே பங்குடையன. முன்னரே கண்டுபிடித்த நோய்க்கு ஆயுட்கணக்கும் முன்னரே தொடங்கிவிடும் என்பதையும் மறத்தலாகாது. எனினும், பரிசோதனைக் கிளினிக்கு மட்டும் இருந்து, வருவாரை அடுத்த அறைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லாதிருந்தால் இவ்வுயர்வு ஏற்பட்டிராது என்பது எமது துணிபு.

2005இல் இம்முறைக்குச் சட்டமும் பணமும் அமெரிக்கக் காங்கிரசு வழங்கிற்று. 2024 முதல் அந்நாட்டு முதியோர் காப்புறுதித் திட்டமே வழித்துணைப் பணிக்குக் கூலி கொடுக்கத் தொடங்கியிருக்கின்றது.

ஹார்லெத்தார் ஆயத்தம் செய்தது நோயாளியின் வழியை. உடலை ஆயத்தம் செய்யும் இன்னொரு முயற்சி கனடாவிலே, மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில், காளி என்னும் மயக்கமருந்து வைத்தியரின் குழுவினரால் வளர்ந்தது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தபின் நோயாளி நாலு வாரம் வீட்டிலே சும்மா காத்திருக்கிறார் அல்லவா? அந்த நாலு வாரத்தை ஏன் வீணாக்கவேண்டும் என்று அவர்கள் கேட்டனர். பெருங்குடற் புற்றுநோயாளர் 77 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினர்க்குச் சிகிச்சைக்கு முன்னரும் மறு கூறினர்க்குப் பின்னரும் உடற்பயிற்சி, புரதவுணவு, மன அமைதிப் பயிற்சி என்னும் மூன்றையும் தொடங்கினர். இரண்டு மாதத்தின்பின் நடக்கவிட்டுப் பார்த்தபோது, முன்னரே தொடங்கியோரில் நூற்றுக்கு 84 பேர் தம் பழைய நடைவலிமையை மீட்டிருந்தனர். பின்னர் தொடங்கியோரில் 62 பேரே மீட்டிருந்தனர். 2014இல் வெளிவந்த ஆய்வு இது. இங்கிலாந்தின் மஞ்செஸ்ரர்ப் பெருநகரம் 2019இல் இத்தகைய ஆயத்தத்தை நோயாளர் வாழும் அயலிலுள்ள உடற்பயிற்சி நிலையங்களிலேயே காசின்றி நடத்தத் தொடங்கியது. இதிலும் ஒரு சூக்குமம் உண்டு. ஆயத்தம் யாருக்கு மிக வேண்டியதோ, அவரே அதற்கு வரமாட்டாதார். மெலிந்தவர், முதியவர், கூலிக்குப் போகவேண்டியவர், வெகுதூரத்தில் வாழ்பவர் ஆகியோர்க்கு இது கிட்டாவிடின், வசதியுள்ளவர்க்கே மேலும் வசதி செய்ததாய் முடியும்.

இனி எமது மண்ணுக்கு வருவோம். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அதன் தலையாய காரணங்கள். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோய் தருவதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்ட நூல் உறுதிப்படுத்தியது. (எமது சபையின் பெரியோர்கள் இவ்வரியை வாசித்துத் தட்டத்தை அப்பால் தள்ளுவார்களோ அறியோம்!) 1980களின் தொடக்கத்திலே, வர்ணகுலசூரியவும் அவர் குழுவினரும் கிராமத்துச் சுகாதார ஊழியர் சிலரைப் பயிற்றி, ஓராண்டில் 28 ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் வாயைப் பரிசோதிப்பித்தனர். அவ்வூழியர் தம் பணியைச் செவ்வனே செய்தனர். சந்தேகத்துக்குரியவரென ஏறக்குறைய 1,200 பேரை மேற்சோதனைக்கு அனுப்பினர். அவர்களுட் செம்பாதிக்குச் சற்று மேற்பட்டோரே சென்றனர். ஏனையோர் செல்லவில்லை. ஹார்லெத்திலே கண்ட அதே பள்ளம் மலைநாட்டு நிழலிலும் கிடந்தது.

எமக்குக் குறை உண்டு என்று சொல்லும்போது எமக்கு உள்ள செல்வத்தையும் சொல்லவேண்டும். அமெரிக்க ஏழைக்கு இல்லாத இலவச வைத்தியம் எமக்கு உண்டு. 2011 ஆடி மாதத்திலே தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாள் நடந்து, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்த்துக் கொடுத்த பணத்தால் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. இன்னும் பழைய செல்வமும் ஒன்று உண்டு. நாம் கற்ற மிஷன் பாடசாலையில், 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் கிறீன் அவர்களின் பெயரை ஆண்டுதோறும் கேட்டிருக்கின்றோம். மானிப்பாயிலே இருந்து, தாம் தமிழ் கற்று, வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணாக்கரைப் பயிற்றியவர் அவர். பாடசாலையில் அவரை ஒரு படமாக மட்டுமே கண்டோம். அண்ணரின் சட்டைப்பையில் இருந்த தவணைத்துண்டை விரித்தபோதுதான் அவர் செய்ததன் அருமை எமக்கு உறைத்தது. அத்துண்டிலே பல் பற்றிய அறிவுரை ஆங்கிலத்தில், ஒரே வரியில், அதுவும் சுருக்கெழுத்தில் இருந்தது. தமிழில் மூன்று வரி எழுதியிருந்தால் பத்து வாரம் மிஞ்சியிருக்கும்.

பெரியம்மாவை நாம் பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். ஐந்து பற்கள் களையப்பட்டன. மூன்று வாரத்தின்பின் மீண்டும் அந்த இரவுப் பஸ்ஸில் ஏறினோம். ஆனால் அதற்குள் புண் தாடையெலும்பைத் தொட்டுவிட்டிருந்தது. கதிரோடு முடியக்கூடியது கத்திக்கும் போயிற்று. இடத் தாடையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். வைத்தியர் மிகத் திறமையாகவே செய்தார். இப்போது பெரியம்மா கஞ்சியும் கரைத்த சோறும் உண்கிறார். அவர் பேசுவது வீட்டாருக்கு விளங்கும். அயலார் இரண்டு முறை கேட்கவேண்டும்.

சென்ற தைப்பொங்கலன்று ஒழுங்கைக் கடைசி வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். அவருடைய கணவருக்கு நாக்கிலே புண், கடிதம் கொடுத்திருக்கிறார்களாம். பெரியம்மா அக்கடிதத்தை வாங்கி எம்மிடம் நீட்டிவிட்டு, அவள் கையைப் பிடித்துத் திண்ணையில் இருத்தி ஏதோ சொன்னார். அவளுக்கு விளங்கவில்லை. மறுபடியும் சொன்னார். "பஸ்ஸுக்குப் போக முந்திப் பல்லைக் காட்டு, பிள்ளை. நானும் வாறன்."